ஸ்டாக் அண்ட் டில்ட் ஸ்விங்குக்கு மாறலாமா வேண்டாமா: நான் முடிவெடுத்த விதம்

கோல்ஃப்ல வழக்கமான ஸ்விங்க, அதாவது கிளப்ப வீசி அடிக்கிற முறைய, விட்டுட்டு "வேற மாதிரி" ஸ்விங் ஒண்ணுக்குப் போலாமான்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கவங்களுக்காக எழுதுறேன். நான் யோசிச்சது ஸ்டாக் அண்ட் டில்ட், கூடவே மோ நார்மன் பாணி சிங்கிள் பிளேனையும் கொஞ்சம் எட்டிப் பாத்தேன், ரெண்டும் என்னன்னு கீழ சொல்றேன். நான் வலது கை ஆட்டக்காரன், இடது கைக்காரங்க எல்லாத்தையும் திருப்பிப் போட்டுப் படிச்சுக்கோங்க.

எனக்குப் பிரச்சனை அயர்ன்ல, அதாவது தரைல கிடக்குற பந்த அடிக்கிற இரும்புத் தலை கிளப்புங்கல்ல. ஒரு ஷாட் பந்துக்குப் பின்னாடி மண்ண வாரிக்கிட்டு பாதி தூரத்துல விழும் (ஃபேட்), அடுத்த ஷாட் பந்தோட நடு வயித்துல பிளேடு பட்டு தரையோட தரையா குழி இருக்க கிரீனத் தாண்டி ஓடும் (தின்). ரொம்ப நாளா இது ரெண்டும் ரெண்டு தனி வியாதின்னுதான் நினைச்சு மருந்து தேடிட்டு இருந்தேன், ஃபேட்டுக்கு ஒரு வீடியோ, தின்னுக்கு ஒரு வீடியோன்னு. ரெண்டும் ஒரே வியாதிதான். ஸ்விங் ஒரு வளைவு, அந்த வளைவோட அடிப்புள்ளி, லோ பாயிண்ட்னு சொல்றாங்கல்ல, அது பந்துக்குப் பின்னாடி இருந்தா கிளப் முதல்ல மண்ணத் தொடும், இல்ல உடம்பு அத உணர்ந்து கடைசி நேரத்துல மேல தூக்கிரும், அப்ப தின். நல்லா ஆடுறவங்களுக்கு அயர்ன்ல லோ பாயிண்ட் பந்துக்கு மூணு நாலு இஞ்ச் முன்னாடி இருக்கும், அதனாலதான் அவங்க டிவட், அதாவது கிளப் மண்ணுல போடுற வெட்டு, பந்து இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்குது. என்னோடது இந்தப் பக்கம். காரணம் வீடியோவுல பச்சையா தெரிஞ்சுது: பேக்ஸ்விங்ல, அதாவது கிளப்ப பின்னாடி தூக்கும்போது, வெயிட்ட வலது காலுக்கு மாத்தணும்னு சொன்னத நான் மொத்த உடம்பையும் தலையோட சேத்து வலது பக்கம் நகத்திக்கிட்டுப் போறதா புரிஞ்சு வச்சிருந்தேன், கிளப்ப இறக்கி அடிக்கிற டவுன்ஸ்விங் நடக்குற அந்தக் கால் செகண்டு சொச்சத்துல திரும்பி வர நேரமே இல்ல.

இந்த நிலைமைல இருக்கவன் கண்ணுல ஸ்டாக் அண்ட் டில்ட் பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மைக் பென்னட், ஆண்டி பிளம்மர்னு ரெண்டு கோச்சுங்க வளர்த்த முறை, 2007-ல கோல்ஃப் டைஜஸ்ட் பத்திரிகைல வந்ததுக்கு அப்புறம் பெரிய பரபரப்பாச்சு. சுருக்கமா: நிக்கும்போதே வெயிட் கொஞ்சம் இடது கால்ல, பேக்ஸ்விங்ல அது வலதுக்குப் போகவே கூடாது, அங்கேயே இருக்கணும், வேணும்னா இன்னும் கொஞ்சம் கூடலாம். இடது தோள் கீழ இறங்கணும், வலது முட்டி நிமிரணும், கைங்க உள்பக்கமா வளைஞ்சு போகணும், தலை இருந்த இடத்துலயே. அப்புறம் இறங்கும்போது இடுப்ப இலக்கு பக்கமா தள்ளி, முதுகு நிமிர்ந்து, பின்பக்கத்த உள்ள இழுத்த மாதிரி எழுந்து முடிக்கணும். வெயிட் நகரவே நகராத ஸ்விங்னு சில பேர் சொல்றது தப்பு, முடிவுல கிட்டத்தட்ட முழு வெயிட்டும் இடது கால்ல வந்துரும், பின்னாடி போய்ட்டு வர்ற வேலை மட்டும்தான் கிடையாது. பந்து பொதுவா இலக்குக்குக் கொஞ்சம் வலதுல கிளம்பி உள்ள வளைஞ்சு வரும், புஷ் டிரா.

இதப் பத்திப் படிக்கப் போனா ரெண்டு கூட்டம் இருக்கும். ஒண்ணு, இதுதான் உண்மையான ஸ்விங், மத்ததெல்லாம் ஏமாத்துன்னு சொல்ற பக்தர்கள். இன்னொண்ணு, அது செத்துப்போன ஃபேஷன், டூர்ல, அதாவது தொழில்முறைப் போட்டிகள்ல, யாரும் செய்றதில்லன்னு சிரிக்கிறவங்க. ரெண்டு கூட்டமும் டூர் ஆட்டக்காரர் ஆரன் பேட்லிய இழுக்கும். அவரு இந்த முறைல இருக்கும்போது 2007-ல ஃபீனிக்ஸ்ல ஜெயிச்சாரு, அப்புறம் அத விட்டுட்டு பழைய கோச்சுகிட்ட திரும்பிப் போனாரு, விட்டதுக்கப்புறம் 2011-ல ரிவியரா மைதானத்துலயும் ஜெயிச்சாரு. அந்தக் கூட்டம் முத வெற்றிய காட்டும், இந்தக் கூட்டம் ரெண்டாவத காட்டும். எனக்கு என்ன தோணுச்சுன்னா, பந்த உருட்டிக் குழில போடுறதுல உலகத்துல மிகச்சிறந்தவங்கள்ல ஒருத்தர்னு பேரெடுத்த, தினமும் நாள் முழுக்க அடிக்கிற ஒரு ஆளு எந்த ஸ்விங்ல ஜெயிச்சாருங்கறதுல வாரக்கடைசில ஆடுற எனக்கு ஒரு துப்பும் கிடையாது. டூர் ஆட்டக்காரன் பேர வச்சு முறைய எடை போடுறத அன்னையோட விட்டேன்.

அப்ப எத வச்சுதான் எடை போடுறது? என் தப்பு ஷாட்ட வச்சு. ஒரு முறை நல்லதா கெட்டதான்னு கேட்டா காலம் பூரா பதில் கிடைக்காது, என் பந்து என்ன பண்ணுது, அதுக்குக் காரணமான அசைவு எது, இந்த முறையோட மையக்கரு அந்த அசைவத் தொடுதான்னு கேட்டா ஒரு சாயங்காலத்துல பதில் வரும். ஸ்லைஸ் அடிக்கிறவரு, அதாவது பந்து வலது பக்கம் வளைஞ்சு போறவரு, லோ பாயிண்ட் சரியா இருந்து கிளப்போட அடிக்கிற முகம், ஃபேஸ், மட்டும் திறந்து வர்றவரு, இந்த முறைக்கு மாறினா என்ன ஆகும்? பந்து கிளம்புற திசைய பெரும்பாலும் ஃபேஸ்தான் முடிவு பண்ணுது, வளைவு ஃபேஸுக்கும் கிளப் போற பாதைக்கும் இருக்க வித்தியாசத்துல வருது. அவருக்கு வேண்டியது ஒரு கிரிப் மாத்தமா இருக்கலாம், மொத்த ஸ்விங்கையும் பேத்துப் போட வேண்டியதே இல்ல. வீட்டுல ஒரு குழாய் ஒழுகுதுன்னு வீட்டையே இடிச்சுக் கட்டுறதுக்கு சமம் அது.

இதக் கண்டுபிடிக்க நான் செஞ்ச சோதனைதான் இந்த மொத்தக் கதைலயும் உருப்படியான விஷயம், அதனால விலாவாரியா சொல்றேன். புல்தரைல, பிராக்டிஸுக்கு விட்ட இடத்துல, ஒரு கோடு போடுங்க, சுண்ணாம்புப் பொடியோ பெயிண்ட் ஸ்பிரேயோ எதுவா இருந்தாலும் சரி, பங்கர் மணல்லன்னா கிளப் நுனியாலயே கீறிக்கலாம். கோடு ரெண்டு காலுக்கும் நடுவுல வர்ற மாதிரி நின்னு, பந்தே இல்லாம, எட்டாம் நம்பர் அயர்ன்ல கோட்டோரமா நகந்து நகந்து அடிச்சுக்கிட்டே போங்க. அப்புறம் நிமிர்ந்து பாருங்க, மண்ணுல வெட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு. கோட்டுலயோ கோட்டுக்கு இலக்குப் பக்கமோ ஆரம்பிச்சா உங்களுக்கு இந்த வைத்தியம் தேவையில்ல. எனக்கு ஒரு சாண் பின்னாடி ஒண்ணு, கோட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு, அப்புறம் மண்ணத் தொடாமலே ஒண்ணுன்னு சிதறிக் கிடந்துச்சு. சிதறல்தான் முக்கியம், சராசரி இல்ல. எப்பவும் ஒரே இடத்துல பின்னாடி விழுந்தா பந்த இன்னும் பின்னாடி வச்சுக்கிட்டுக் கூட ஒப்பேத்திரலாம், சிதறினா உடம்பு நகருதுன்னு அர்த்தம். பிராக்டிஸ் ரேஞ்ச்ல விரிச்சிருக்க செயற்கைப் புல் மேட்ல இத செய்யாதீங்க. மேட்ல கிளப் பின்னாடி பட்டாலும் வழுக்கிக்கிட்டுப் போயி பந்த நல்லாத்தான் அடிக்கும், சத்தம் கூட ஓரளவு நல்லாவே கேக்கும், நாம ராஜா மாதிரி வீட்டுக்குப் போவோம், கோர்ஸ்ல போய் நின்னா மண்ணு பறக்கும். மேட் தவிர வேற வழியே இல்லன்னா பந்துக்கு ஒரு சாண் பின்னாடி மடிச்ச துண்டு ஒண்ணப் போட்டு அதத் தொடாம அடிக்கப் பாருங்க.

அப்புறம் அதே கோட்டுல வெயிட்ட இடது கால்லயே வச்சுக்கிட்டு அரை ஸ்விங் அடிச்சேன். வேற எதையும் மாத்தல. வெட்டு எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கின மாதிரி விழ ஆரம்பிச்சுது. அப்பதான் இந்த முறைய முழுசா உக்காந்து படிக்கலாம்னு நம்பிக்கையே வந்துச்சு.

இங்க ஒரு பள்ளம் இருக்கு, நிறைய பேர் விழுறாங்க. வெயிட்ட இடதுல வச்சுக்கோன்னு கேட்டுட்டு தோள இலக்கு பக்கமா சாச்சிருவாங்க, தலையும் கூடவே போயிரும், அப்புறம் இறங்கும்போது மொத்தமும் வலது காலுக்குத் திரும்பி விழும். அது ஸ்டாக் அண்ட் டில்ட் கிடையாது, பழைய ரிவர்ஸ் பிவட், கோச்சுங்க காலங்காலமா திட்டுற அதே சாமான். வெளில பாத்தா பேக்ஸ்விங் உச்சில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் இறங்கும்போது இடுப்பு எங்க போகுதுங்கறதுல இருக்கு. முடிச்சப்புறம் வலது கால தரைலேர்ந்து தூக்கி ஒத்தக் கால்ல நிக்க முடியுதான்னு பாருங்க, முடியலன்னா நீங்க விழுந்துட்டீங்க.

வீடியோவப் பத்தி ஒண்ணு. நேர் எதிர்ல இருந்து, கை உயரத்துல ஃபோன வச்சு, ஸ்லோ மோஷன்ல எடுங்க, ஸ்கிரீன்ல தலைக்குப் பக்கத்துல ஒரு கோடு போட்டுக்கோங்க. வெயிட் எல்லாம் இடது கால்லயே இருக்கு, இலக்கு பக்கமா சாஞ்சு விழுந்திரப் போறேன்ங்கற மாதிரி எனக்கு உள்ளுக்குள்ள தோணும், ஸ்கிரீன்ல பாத்தா தலை சும்மா நடுவுல நிக்குது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் வலது பக்கம் ஓடின உடம்புக்கு நடுவுல நிக்கிறதே இடது பக்கம் சாயுற மாதிரி இருக்கு. இதப் பாத்தப்புறம்தான் எனக்கு இந்த முறை மேல இருந்த பயமும் போச்சு, பக்தியும் போச்சு. அந்த உணர்வு எனக்குத் தேவையான மிகைப்படுத்தல், அந்த அளவுல வேலை செய்யுது. ஏற்கனவே நடுவுல நிக்கிற ஒருத்தரு இதே உணர்வோட அடிச்சா அவரு நிஜமாவே முன்னாடி சாஞ்சிருவாரு.

இப்ப டிரைவர், முதல் அடிக்கு எடுக்கிற நீளமான கிளப். இங்கதான் எனக்கு ரொம்ப நாள் இழுபறி. அயர்ன்ல பந்து தரைல இருக்கு, மேலிருந்து கீழ இறங்கி அடிக்கணும், லோ பாயிண்ட் முன்னாடி இருக்கறது வரம். டிரைவர்ல பந்து டீங்கற சின்னக் குச்சி மேல இருக்கு, வேகம் கம்மியா அடிக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கிளப் மேல ஏறும்போது பந்த சந்திச்சாதான் உயரமா கிளம்பி, ஸ்பின் கம்மியாகி, தூரம் கிடைக்கும். அதே இடதுபக்க வெயிட்டோட டிரைவர அடிச்சா பந்து தாழ்வா கிளம்பி, ஸ்பின் கூடி, எழும்பி நின்னு விழுந்துச்சு. இந்த முறையச் சொல்லிக் குடுக்குறவங்ககிட்ட இதுக்கு பதில் இல்லாம இல்ல, பந்த இன்னும் முன்னாடி வை, டீய உயர்த்து, இடுப்ப வேகமா தள்ளி எழுன்னு சொல்றாங்க. அத இளவட்டம் செய்யும். என் இடுப்புக்கு அந்த வேகம் வரல, இடுப்பு நின்னு போனா கை முந்திக்கிட்டு சுத்தி பந்து இடது பக்கம் காட்டுக்குள்ள ஹூக் ஆகும், அது ஸ்லைஸ விட மோசம், உருண்டுக்கிட்டே போகும்.

உடம்பு விஷயம் இன்னும் முக்கியம். நாள் முழுக்க உக்காந்து வேல பாக்குற ஆளு நான், இடுப்பு இறுக்கம். வலது முட்டிய நிமிர விட்டதும் இடுப்பு தாராளமா திரும்புச்சு, இது எனக்குக் கிடைச்ச பெரிய லாபம், முட்டிய மடக்கியே வச்சுக்கோன்னு பழைய பாடத்துல கேட்டு கேட்டு அரைத் திருப்பத்துலயே அடிச்சுட்டு இருந்தேன். ஆனா கடைசில அந்த எழுந்து நிமிர்ற வேலை கீழ் முதுகுக்கு இருக்கு, அது எல்லாருக்கும் ஒத்துக்காது. வெயிட் முழுக்க இடது பக்கம் சேருறதால இடது முட்டி, இடது இடுப்பு மூட்டுல ஏற்கனவே பிரச்சனை இருக்கவங்க முதல்ல டாக்டரையோ பிசியோவையோ கேட்டுட்டு அப்புறம் கிளப்பத் தொடுங்க. மறுநாள் காலைல வலிச்சா அது பழகாத வலியா மூட்டு வலியான்னு பிரிச்சுப் பாக்கணும், தசை வலிச்சா பரவால்ல, குத்துற மாதிரி ஒரே இடத்துல வலிச்சா அந்த முறை உங்களுக்கு இல்ல, எவ்வளவு நேரா பந்து போனாலும் சரி.

சிங்கிள் பிளேன் பத்தியும் சொல்லிடறேன். மோ நார்மன் கனடாக்காரர், 1955, 1956 ரெண்டு வருஷமும் கனடியன் அமெச்சூர் ஜெயிச்சவர், நேரா அடிக்கிறதுல அவர மிஞ்ச ஆள் இல்லன்னு பெரிய பெரிய ஆட்டக்காரங்களே சொல்லியிருக்காங்க. கால அகட்டி நின்னு, கைய நீட்டி, கிளப்ப பந்துக்கு ரொம்ப பின்னாடி தரைல வச்சு ஆரம்பிப்பாரு. யோசனை அழகானது: வழக்கமான ஸ்விங்ல பந்த அடிக்கிற நேரத்துல கைங்க நிக்கும்போது இருந்தத விட உயரத்துல இருக்கும், அப்ப ஆரம்பத்துலயே அந்த உயரத்துல வச்சுட்டா ஒரு தலைவலி குறையும்ல? பிரைசன் டிஷாம்போவும் இந்தக் குடும்பம்தான், அவரு எல்லா அயர்னையும் ஒரே நீளத்துல, முப்பத்தேழரை இஞ்சுல வச்சுக்கிட்டு 2020-லயும் 2024-லயும் யுஎஸ் ஓப்பன் அடிச்சாரு. எனக்கு அது ஏன் வேண்டாம்னு தோணுச்சுன்னா, அதுக்குள்ள நுழையணும்னா கிரிப் மாறணும், தடிமனான ரப்பர் போடணும், கை உயர்ந்தா கிளப்போட ஹீல் (தண்டு சேர்ற பக்கம்) தூக்கிக்கிட்டு நிக்காம இருக்க லை ஆங்கிள், அதாவது தண்டு தலையோட சேர்ற சாய்வு, மாத்தணும், அதாவது கிளப் மேலயே கைவைக்கணும். அப்புறம் பிடிக்கலன்னா திரும்பி வர்ற வழி அடைஞ்சு போகுது. அதோட அது தீர்க்கிற பிரச்சனை, அதாவது ஃபேஸ் கன்ட்ரோலும் திசையும், எனக்கு முதல் பிரச்சனையே இல்ல. பந்து நடு ஃபேஸ்ல படாம அங்கங்க படுது, திசை தாறுமாறா போகுது, ஆனா டிவட் ஒழுங்கா இருக்குன்னு சொல்றவங்க தாராளமா அந்தப் பக்கம் யோசிக்கலாம். எங்க படுதுன்னு பாக்க ஃபேஸ்ல பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரே ஒரு மெல்லிய பூச்சு போதும், பந்து தடம் விட்டுட்டுப் போகும்.

என் கோச் வழக்கமான முறை சொல்லிக் குடுக்குறவரு. அவருகிட்ட எப்படி சொல்றதுன்னு தயங்கி, கடைசில கோட்டு சோதனையோட ரெண்டு ஃபோட்டோவையும் காட்டி, "சார், வெயிட்ட இடதுல வச்சா இப்படி விழுது, இதுல ஏதாவது தப்பு இருக்கா"ன்னு கேட்டேன். பேர சொல்லல. அவரு பாத்துட்டு, "நான் உன்ன வலது பக்கம் நகரச் சொல்லவே இல்லையே, திரும்பத்தானே சொன்னேன், சரி இது வேலை செஞ்சா வச்சுக்கோ, ஆனா டிரைவருக்கு இதக் கொண்டு போகாத"ன்னாரு. பேர சொல்லியிருந்தா அரை மணி நேரம் கொள்கைச் சண்டை நடந்திருக்கும். ரெண்டு கோச்சுகிட்ட ஒரே நேரத்துல ரெண்டு முறை கத்துக்கிறது மட்டும் வேண்டாம், வலது முட்டிய ஒருத்தர் மடக்குன்னு சொல்வாரு இன்னொருத்தர் நிமித்துன்னு சொல்வாரு, பந்து முன்னாடி நிக்கும்போது ரெண்டு பேரும் உங்க காதுக்குள்ள நிப்பாங்க.

நேரக் கணக்கும் பாக்கணும். இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ கோச் லெட்பெட்டர்கிட்ட ஸ்விங்க மொத்தமா மாத்த ஏறக்குறைய ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டாரு, அந்த நேரத்துல ஆட்டம் படுத்துருச்சு, அப்புறம்தான் 1987-ல மியூர்ஃபீல்டுல கடைசி ரவுண்டுல பதினெட்டு ஹோலும் பார், அதாவது அந்தந்தக் குழிக்கு வச்ச அடிக் கணக்கு, போட்டு பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயிச்சாரு. வேற வேலையே இல்லாத, நாள் முழுக்க பந்து அடிச்ச ஆளுக்கே அவ்வளவு. நமக்கு முழு மாத்தம்னா எத்தனை வருஷம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கிறதுன்னா வேற கணக்கு, கிரீன் பக்கத்துலேர்ந்து அடிக்கிற சின்ன சிப் ஷாட்டுல ஆரம்பிச்சா, அங்க எல்லாருமே ஏற்கனவே இடது கால்லதான் நிக்கிறோம், அப்படியே வெட்ஜ், அரை ஸ்விங், ஒன்பது அயர்ன்னு நீட்டிக்கிட்டே போகலாம். இதுல போட்டி வர்ற சமயம் ஆரம்பிக்காதீங்க. ஸ்கோர் முதல்ல ஏறும், கோல்ஃப்ல ஏறினா மோசம், அத எழுதி வச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்காம டிவட்ட மட்டும் பாருங்க.

கூட ஆடுறவங்க ஏதாவது சொல்வாங்க, காது குடுத்துக் கேக்காதீங்க. டூர் ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கோட ஸ்விங்ல கிளப் சுத்தி வர்ற லூப்பப் பாத்துட்டு எல்லாரும் சிரிச்சாங்க, அவரு 2003 யுஎஸ் ஓப்பன் ஜெயிச்சு, 2016-ல ஒரு ரவுண்ட 58 அடிலயே முடிச்சாரு. விதிப்புத்தகமும் முழு ஸ்விங் எப்படி இருக்கணும்னு ஒண்ணும் சொல்றதில்ல, கிளப்ப உடம்புல ஊனக்கூடாது, அது 2016-லேர்ந்து தடை, பந்த தள்ளாம இழுக்காம அடிக்கணும், அவ்வளவுதான்.

ஆக இப்ப என் நிலைமை: வெட்ஜ்லேர்ந்து ஆறு அயர்ன் வரைக்கும் வெயிட் இடதுல, வலது முட்டி நிமிரும், தலை நகராது. கைய ரொம்ப உள்ள இழுக்கறத விட்டுட்டேன், எனக்கு ஹூக் வந்துச்சு. கடைசில அந்த இடுப்பு எழுச்சியும் பாதிதான். இது உண்மையான ஸ்டாக் அண்ட் டில்ட் இல்லன்னு பக்தர்கள் சொல்வாங்க, சொல்லட்டும், முழுசா எடுத்துக்கிட்டாதான் பலன்னு அவங்க சொல்ற வாதத்துல கொஞ்சம் நியாயமும் இருக்கு, ஏன்னா கைய உள்ள இழுக்காததால எனக்கு அந்த அழகான டிரா வர்றதில்ல, நேரா இல்லேன்னா லேசா வலதுல போகுது. டிரைவர்ல பழையபடி பந்துக்குப் பின்னாடி நின்னு, ஆனா நகராம, திரும்பி மட்டும் அடிக்கிறேன். ரெண்டு ஸ்விங் வச்சுக்கிறது குழப்பம் இல்லையான்னு கேப்பீங்க, டீ இருந்தா ஒண்ணு, இல்லன்னா இன்னொண்ணுன்னு வச்சுக்கிட்டதால அவ்வளவா குழம்பல. குழப்பம் வர்றது ஃபேர்வே வுட்லதான், பந்து தரைல இருக்கு ஆனா கிளப் நீளம், ஒரு நாள் இந்தப் பக்கம் அடிக்கிறேன் ஒரு நாள் அந்தப் பக்கம் அடிக்கிறேன், இன்னும் முடிவாகல, இப்போதைக்கு அத பையிலயே விட்டுட்டு, அயர்னுக்கும் வுட்டுக்கும் நடுவுல இருக்க ஹைப்ரிட் வச்சு ஓட்டிட்டு இருக்கேன்.